மிளகின் முதுகில் இரண்டு கோடுகள்

மெத்தைக்காரருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் குதிரைப் பித்து பிடித்தது. அதுவரை அவர் ஏறி அமர்ந்தவற்றுள் உயரமானது, அவரே தைத்த கட்டில் மெத்தைதான் என்று அவருடைய மனைவி உறவினர் அனைவரிடமும் சொல்லிச் சிரித்தாள். சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் உறை தைப்பதில் முப்பது ஆண்டுகளைக் கழித்த அம்மனிதர், நகரத்தின் விளிம்பிலிருந்த குதிரைப் பயிற்சிப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் சென்று, மிளகு என்னும் பெண் குதிரையின்மேல் ஏறி வட்டமடிக்கலானார். வெண்சாம்பல் நிற உடம்பெங்கும் கரும்புள்ளிகள் தூவிக் கிடந்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. இரண்டு ஆண்டுகளில் அவருடைய தொப்பை குறைந்தது, கோபம் குறைந்தது, மிளகைப் பற்றிய பேச்சு மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

பள்ளியை நடத்தி வந்த லாயத்தம்மா, எட்டுக் குதிரைகளைத் தனியாளாய்க் கட்டி ஆள இனி இயலாது என்று முடிவு செய்து, இரண்டை விற்க எண்ணினார். அவற்றுள் ஒன்று மிளகு. இச்செய்தியைக் கேட்டு வீடு திரும்பிய மெத்தைக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி இப்படித் தொங்குது? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

"மிளக விக்கப் போறாங்களாம்."

"அப்ப வாங்கிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் முழிக்கிறீங்க? வேற யாராவது வாங்கிட்டா, அதுக்கப்புறம் உங்களோட இந்த வீட்ல இருக்கப் போறது நான்தானே. ஆனா ஒண்ணு. என் தங்கச்சி வந்து முழுசாப் பாக்கணும். அவ சரின்னாத்தான் சரி. காதல் வந்தவங்களுக்குக் கண்ணு தெரியாது."

மனைவியின் தங்கை கால்நடை மருத்துவர். குதிரை வைத்தியத்தில் கைதேர்ந்தவள். லாயத்தம்மாவின் குதிரைகளை வேறொரு மருத்துவர் கவனித்து வந்தமையால், வாங்குபவர் சார்பில் இவள் சோதிப்பதற்குத் தடையேதும் இருக்கவில்லை. அவள் இரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தாள்.

அந்த இரண்டு வாரங்களும் மெத்தைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேணத்துக்கு அடியில் விரித்திருந்த பழைய துணி மெலிந்து கிடப்பதை அவர் நெடுநாளாகக் கண்டு வருந்தியதுண்டு. எனவே, மிளகை வாங்கும் நாளில் அனைவரும் வியக்க வெளியே எடுக்கலாம் என்று கருதி, யாருக்கும் சொல்லாமல் ஒரு சேண மெத்தை தைத்தார். உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு. மேலே மென்மையான கம்பளி. திணித்த பஞ்சு இடம் பெயராதிருக்க, நடுக்கோட்டின் இருபுறமும் நான்கு விரல் தள்ளி, உருண்ட கயிறு உள்ளே வைத்துத் தைத்த இரண்டு நீண்ட விளிம்புகள். உயர்ந்த சோபாக்களின் சாய்மானத்துக்கு அவர் இடும் தையல் அது. அந்தத் தையலைப் பார்த்த மாத்திரத்தில் அது இன்னார் கைவேலை என்று தொழிலில் உள்ளவர் சொல்லிவிடுவர். பின்னர் அவர் நாள்தோறும் மாலையில் பள்ளிக்குச் சென்று, தாமே சேணம் பூட்டும் சாக்கில் மெத்தையை அடியில் வைத்து ஏறினார். இறங்கியதும் அதைப் பைக்குள் சுருட்டி வண்டியில் ஒளித்தார். அரசி பட்டு மெத்தையில் இருப்பதைப் போல் மிளகு சுகம் காண்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

குறித்த நாளில் மெத்தைக்காரரும் மனைவியும் பள்ளியில் காத்திருக்க, கொழுந்தியாள் ரப்பர் காலணியும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வந்து இறங்கினாள்.

"அத்தான், இப்பவே சொல்லிடறேன். இன்னிக்கு நான் உங்க கொழுந்தியா இல்ல. கண்ணுல படறத எழுதுவேன். கெஞ்சக் கூடாது."

"நான் எப்பம்மா கெஞ்சினேன்?"

"அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப," என்றாள் அவள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மருத்துவர் முதலில் லாயத்தம்மாவிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டாள். மருந்து ஏதும் கொடுத்தீர்களா, தீனியில் மாற்றம் உண்டா, வேலையிலோ சேணத்திலோ அண்மையில் எதையாவது மாற்றினீர்களா? லாயத்தம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். மெத்தைக்காரர் அருகில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆயினும் அக்கேள்வி தம்மைத் தொடுவது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நோயைப் பற்றிய விசாரணையில் பரிசுப் பொருளுக்கு என்ன இடம்?

சோதனை தொடங்கியது. லாயத்தின் கதவைச் சாத்தி, இருளில் சிறு விளக்கொளி பாய்ச்சிக் கண்களைப் பார்த்தாள். பல்லைப் பார்த்து, வயது பதினொன்று என்றாள். இதயத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்த நெடுநேரமும் மெத்தைக்காரர் தம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குளம்புகளை இடுக்கியால் அழுத்தினாள். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு, உடனே கெட்டித் தரையில் ஓட்டச் சொன்னாள். மிளகு தாளம் தப்பாமல் ஓடியது.

"கால் நாலும் தங்கம்," என்றாள்.

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தக் கால்களைத் தாமே கடைந்து செய்தவர்போல் அவர் முகத்தில் ஒரு பெருமை.

அதன்பின் மருத்துவர் தன் இரு கைகளையும் முதுகின்மேல் வைத்து, தோளிலிருந்து இடுப்பு நோக்கி விரல் நுனிகளால் அழுத்திக்கொண்டே வந்தாள். நடுவழியில் மிளகு திடீரென முதுகைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் மடித்தது. அவள் மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதுவே நிகழ்ந்தது. மறுபக்கத்திலும் அப்படியே. ரோமத்தை விலக்கிப் பார்த்தவளுடைய முகம் மாறியது.

"முதுகு நல்லா வலிக்குதும்மா இதுக்கு. ரெண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி வீங்கியிருக்கு. இப்ப இது மேல யாரும் ஏறக் கூடாது. மிச்சச் சோதனைய இன்னிக்குப் பண்ண முடியாது. அத்தான், இந்த நிலைமைல வாங்குங்கன்னு நான் எழுத மாட்டேன்."

லாயத்தம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "போன மாசம்கூட எங்க டாக்டர் பாத்தாரே, ஒண்ணும் சொல்லலையே," என்றவர், மிளகின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார். "என் சேணம்தான் போல. இத்தன வருஷமாக் குதிரைய வச்சுகிட்டு, இது வலிக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. மன்னிச்சுக்கடி தாயி."

மெத்தைக்காரர் குனிந்து பார்த்தார். நடுமுதுகிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு கோடு. அந்தப் பக்கம் நான்கு விரல் தள்ளி இன்னொன்று. எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே அவரால் சொல்ல முடிந்திருக்கும். சாய்மானத்துக்கு முட்டுக்கொடுக்கும் தையல், தம் எடை முழுதும் மேலே ஏறியபோது அந்த உயிருள்ள முதுகில் இரண்டு தடிகளாய்ப் பதிந்திருக்கிறது.

லாயத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் திரும்பினார். "முதுகு கெட்ட குதிரைய யாரு வாங்குவாங்க? நீங்க வேண்டாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். அப்படியும் வேணும்னா, இப்பவே கூட்டிட்டுப் போங்க. உங்ககிட்டன்னா அது சந்தோஷமா இருக்கும்."

வாயைத் திறவாமல் தலையை அசைத்தால் போதும், மிளகு அவருடையது. நோயுற்ற குதிரையை அன்பினால் ஏற்றுக்கொண்ட உத்தமர் என்ற பெயரும் இலவசமாக வந்து சேரும். வாயைத் திறந்தாலோ, குதிரையின் முதுகைப் புண்ணாக்கியவனிடம் எந்த லாயத்தம்மா குதிரையை ஒப்படைப்பார்? அவர் அந்த அம்மாளின் கையைப் பார்த்தார். தான் செய்யாத தவறுக்காக அந்தக் கை மிளகின் கழுத்தைத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்க சேணம் இல்லம்மா," என்றார். "நான்தான்."

வண்டிக்குச் சென்று பையை எடுத்து வந்து, மெத்தையை வெளியே எடுத்து மேசைமேல் விரித்தார். பத்து நாளாய் அதை வைத்து ஏறியதையும் ஒளித்ததையும், ஒரு சொல்லும் மிச்சம் வைக்காமல் சொல்லி முடித்தார். மருத்துவர் விளிம்புகளை விரலால் தடவி, மிளகின் முதுகோடு ஒப்பிட்டுத் தலையசைத்தாள்.

மனைவி கம்பளியை உற்றுப் பார்த்தாள். "இது என் போர்வை."

"ஆமா."

"அத நான் வீடு முழுக்கத் தேடினேன். நீங்களும் கூடவே கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடினீங்க."

"ஆமா," என்றார் அவர் மீண்டும்.

லாயத்தம்மா மெத்தையைப் புரட்டிப் பார்த்தார், தையலைப் பார்த்தார், அதைத் தைத்தவரைப் பார்த்தார்.

"இவ்வளவு அழகா ஒரு குதிரைய யாரும் கஷ்டப்படுத்தினதில்ல," என்றார் இறுதியில். "இப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா, எத்தன நாள்ல ஆறும்?"

"ரெண்டு வாரம் ஏறாம விட்டா, எனக்குத் தெரிஞ்சு ஆறிடும். மெதுவா நடக்க வைக்கணும்."

"அப்ப இவரே வந்து நடத்தட்டும். தினமும். நடந்து. அப்புறம் பாக்கலாம்."

பதினான்கு நாட்கள் மெத்தைக்காரர் பட்டறையை ஒரு மணி நேரம் பிந்தித் திறந்தார். சோபாவுக்கு நாள் கேட்டு வந்தவர்களிடம், முதுகு வைத்தியம் நடக்கிறது என்றார். அவர்களும் அவருடைய முதுகு என்று எண்ணி நலம் விசாரித்துச் சென்றனர். நாள்தோறும் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிளகுடன் வேலியோரமாக நடந்தார். மேலே அமர்ந்திருந்த காலத்தில் அதன் காதுகளை மட்டுமே கண்டவர், இப்போது அதன் கண்ணருகே நடந்தார். மழைநீர் தேங்கிய குட்டையை மிளகு சுற்றிக்கொண்டுதான் போகும், இடப்பக்கம் நிற்பவரின் சட்டைப் பையை மோந்து பார்க்கும், திரும்பும் இடம் வந்தால் தயங்கும் என்பனவெல்லாம் இரண்டு ஆண்டுகளில் அவர் அறியாதவை. முதல் மூன்று நாளும் லாயத்தம்மா வாசலில் நின்று கண்கொட்டாமல் பார்த்தார். நான்காம் நாள் வந்து சொன்னார்: "கயித்த இழுக்காதீங்க. அது வரும்." எட்டாம் நாள் தேநீர் கொடுத்தார்.

மறுசோதனைக்குக் கொழுந்தியாள் அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். மிளகின் முதுகில் இரு கைகளையும் வைத்தாள். விரல்கள் தோளிலிருந்து நகர்ந்தன; அன்று தாழ்ந்த இடத்தை அடைந்தன; அழுத்தின. மிளகு வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்றது. அவள் மேலும் அழுத்தினாள். மிளகு மேலும் மென்றது.

"சரியாயிடுச்சு," என்றாள். "ஆள் ஏறி ஓட்டிப் பாக்கறதுதான் பாக்கி. யாரு ஏறப் போறா?"

மெத்தைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக விற்பவர் பக்கத்து ஆள்தான் ஏறிக் காட்டுவது. லாயத்தம்மா உள்ளே சென்று, தம் சேணத்தையும் துவைத்து உலர்த்திய ஒரு தட்டைத் துணியையும் கொண்டு வந்து, தம் கையாலேயே மிளகின்மேல் பூட்டினார். வாரை இறுக்கினார். துணியில் சுருக்கம் இருக்கிறதா என்று இருமுறை கையைவிட்டுப் பார்த்தார். பின்னர் கடிவாளத்தை மெத்தைக்காரரிடம் நீட்டினார்.

"ஏறுங்க. உங்க குதிரைய நான் ஏன் ஓட்டணும்?"

அவர் ஏறினார், ஏறும்போது வலக்கால் ஒருமுறை சேணத்தின் பின்விளிம்பில் இடித்துத் திரும்பி வந்தது. நடை, சிற்றோட்டம், நாலுகால் பாய்ச்சல் என்று மருத்துவர் சொல்லச் சொல்ல, இருபுறமும் வட்டமடித்தார். இறங்கியபோது வியர்த்திருந்தவர் அவர்தான். கொழுந்தியாள் மடியில் வைத்த தாளில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா எழுதற?"

"மூச்சு நல்லா இருக்கு. முதுகு நல்லா இருக்கு. வாங்கலாம்."

"அவ்வளவுதானா?"

"ஏறினவருக்கு முழங்கால் சரியா மடங்கல. ஆனா அத இதுல எழுத முடியாது அத்தான். அதுக்கு அக்காகிட்ட வேற ஒரு டாக்டரப் பாக்கச் சொல்றேன்."

"அவரு ஒண்ணும் விக்கிறதுக்கு இல்ல," என்றாள் மனைவி, மிளகின் மூக்கைத் தடவியபடியே.