நடுங்கும் கைக்கு ஒரு ரிமோட்

மணிமேகலைக்கு வலது கை நடுங்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திருச்சி சுற்றுவட்டார வாலிபால் போட்டிகளில் நடுவராக நின்று, முரண்டு பிடிக்கும் பயிற்சியாளர்களை விசிலாலேயே உட்கார வைத்தவள்.

நடுக்கத்தோடேயே அவள் சமைத்தாள், துணி மடித்தாள். டி.வி. ரிமோட் மட்டும் வசப்படவில்லை. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் விரல் துள்ளி மறுபடியும் அழுத்திவிடும்; வந்த படம் உடனே அணைந்துபோகும். ஒருநாள் டி.வி.க்கு அடியில் இருந்த சவுண்ட் பார் ஸ்பீக்கர் அலறியதில் மேல்வீட்டுக்காரர்களே இறங்கி வந்துவிட்டார்கள். அன்றைக்கே மகன் அன்புச்செல்வன் ரிமோட்டுகளை எல்லாம் எடுத்துப் பரண்மேல் போட்டான்.

"எது வேணுமோ கேளும்மா, போட்டுத் தரோம்."

கேட்டாள். வாலிபால் கேட்டால், "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு? பிரஷர் ஏறும்" என்று பஜனை சேனலை வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை மகனும் மருமகள் தேவதர்ஷினியும் துறையூருக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினார்கள். "டி.வி. ஓடுது அத்தை, எதையும் தொடாதீங்க" என்றாள் மருமகள். அன்று மாலை பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டி. கதவு சாத்தியதும் மணிமேகலை பஜனையை ஸ்விட்சிலேயே அணைத்தாள். டி.வி., செட்டாப் பாக்ஸ், சவுண்ட் பார் மூன்றின் பின்பக்கத்தில் இருந்த மாடல் நம்பரையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பஸ் ஏறினாள்.

தெப்பக்குளம் பக்கத்தில் பரக்கத் அலியின் எலக்ட்ரானிக்ஸ் கடை. எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தவர் அவள் கையைப் பார்த்துத் தயங்கினார்.

"வீட்ல யாராவது இருந்தா அனுப்புங்கம்மா. இந்தக் கைக்கு இது சரிப்படாது."

"கை இப்படித்தான் இருக்கும். ரிமோட்டைத் திருத்துங்க."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். ரிமோட்டின் சின்னத் திரையில் ஒரு மெனு இருந்தது. ஒருமுறை அழுத்தியபின் சிறிது நேரத்துக்குள் வரும் அடுத்த அழுத்தத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைக்கலாம். அந்த நேரத்தை அவள் விரலுக்கு ஏற்றபடி கூட்டினார்கள்.

"இன்னொண்ணும்மா. ஒரு பட்டனை அழுத்தினா மூணுக்கும் வரிசையா கட்டளை போகும். சவுண்ட் பார் முழிச்சுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். முழிக்கறதுக்குள்ள போற கட்டளை வீண்."

"நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்?"

"உங்க செட்டுக்கு வீட்லதான் பாக்கணும். சத்தம் வரலைன்னா மெனுவுல இந்த இடத்துக்கு வந்து நீங்களே கூட்டிக்குங்க."

வீட்டில் முதல் முயற்சியில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. இடைவெளியைக் கூட்டினாள். அப்போதும் ஊமைப்படம். ரிமோட்டை மேஜையில் கிடத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூட்டினாள். கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள். அடுத்த முறை டி.வி. வந்தது, பாக்ஸ் வந்தது, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அரங்கத்தின் ஆரவாரம் கூடத்தை நிறைத்தது. மணிமேகலை எழுந்து நின்று தனியாகக் கை தட்டினாள்.

மகனும் மருமகளும் திரும்பியபோது நான்காவது செட் நடந்துகொண்டிருந்தது.

"யாரும்மா போட்டது?" என்றபடி அன்புச்செல்வன் புது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்கப் படபடவென்று அழுத்தினான். ஒரே ஒரு புள்ளி இறங்கியது. மறுபடியும் அழுத்தினான். இன்னும் ஒரு புள்ளி.

"என்ன இது, கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. என் கை வேகத்துக்கு வச்சிருக்கேன். நிதானமா அழுத்து, கேட்கும்."

"எல்லாரும் யூஸ் பண்றதும்மா. நான் நார்மலா மாத்திடறேன்."

"மாத்தக் கூடாது." நடுங்கும் கையை அப்படியே நீட்டினாள், மறைக்கவில்லை. "இந்தக் கையோடதான் நான் இந்த வீட்ல இருக்கேன். இதுவும் நார்மல்தான். கொடுடா."

அன்புச்செல்வன் மனைவியைப் பார்த்தான். தேவதர்ஷினி பையைக் கீழே வைத்துவிட்டு, "கொடுத்துடுங்க" என்றாள். கொடுத்தான்.

மணிமேகலை நிதானமாக அழுத்திச் சத்தத்தை முன்பிருந்ததைவிட ஒரு புள்ளி மேலே ஏற்றினாள். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்த டீம் ஜெயிக்கணும் அத்தை?" என்று கேட்டாள்.

"மஞ்சள் சட்டை. ஆனா அந்த நடுவர் இருக்காரே, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததைக்கூடப் பாக்கல" என்று மணிமேகலை திரையைப் பார்த்துச் சத்தம் போடத் தொடங்கினாள்.