பிரேக்கம்மாவின் தாடை

‘பிரேக்!’ என்று கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த வங்கிக்காரர், முன்னால் நின்ற பால் வண்டியை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். தன் காலடியிலிருந்த இன்னொரு பிரேக்கை அவள் ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது.

"ஏங்க, வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்றார் அவர், வேர்த்துப்போய். காதுக்குக் கீழே கல்லாய் இறுகிக் கிடந்த தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக்கம்மா என்றே பெயர். யார் யாரோ ஓட்ட, பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடிக்கிறோம் என்பதே தெரியாமல் பல்லைக் கடித்துக் காலம் தள்ளியவள். இப்போது வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. மாத்திரை, ஒத்தடம், பல்லுக்கு உறை எல்லாம் பார்த்தாயிற்று. "கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்கம்மா" என்றார் முதலாளி. தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டில் வேறு கூத்து. அவள் பேசாமல் வளைய வந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார் தையல்காரரான கணவர். "நான் என்ன தப்பு பண்ணினேன்? நாலு வார்த்தை திட்டிடேன், நிம்மதியா இருக்கும்."

"திட்ட வாய் தொறக்கலங்க" என்றாள் பல்லிடுக்கில். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் பெண். தாடையை அழுத்திப் பார்த்தார். "மூட்டுல பெரிய கோளாறு இல்ல. கடிக்கிற தசைதான் விட மாட்டேங்குது. ஊசி போட்டுத் தளர்த்திப் பாக்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் சில மாசம்தான்."

"பேச்சு போயிடுமா? கத்துறதுதான் என் பொழப்பு."

"பேச்சு போகாது. கடிக்கிற பலம் கொஞ்சம் குறையும்."

"அப்ப நான் தப்பிக்க வழியே இல்லையா டாக்டர்?" என்றார் கணவர்.

பல்லைக் கடிக்கச் சொல்லி, புடைத்த இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தார் டாக்டர். ஊசி எறும்பு கடித்த மாதிரி இறங்கியது. நாளெல்லாம் ஊசியோடு மல்லுக்கட்டுகிற மனிதர், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு ஒரு காலையில், அதுவரை தோசைக்கரண்டி அளவு பெரிதாகத் தெரிந்த சாப்பாட்டு ஸ்பூன் தட்டாமல் உள்ளே போனது. கண்ணாடி முன் நின்று கணவரைக் கூப்பிட்டாள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, "அளவு எடுக்கட்டுமா?" என்றார் அவர்.

வேலைக்குத் திரும்பும் முன் யாரையாவது ஓட்டவைத்துப் பார்த்துவிட நினைத்தாள். "என்னைவிட மோசமான ஆள் கிடைக்கமாட்டான்" என்றார் கணவர். முன்பு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவள் போட்ட கூச்சலில் காரை நடுத்தெருவில் விட்டு இறங்கி நடந்தவர். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

பயிற்சிப் பள்ளிக் காரில் புறப்பட்டார்கள். முதல் வளைவில் பழக்கதோஷத்தில் பல்லைக் கடிக்கப் பார்த்தாள். பற்கள் சேர்ந்தன, பலம் சேரவில்லை. எதிரே லாரி. "பிரேக்" என்றாள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில். அவர் மிதித்தார். லாரி தன்பாட்டுக்குப் போயிற்று.

நேர்ச்சாலை வந்தது. இரண்டாவது கியரில் கார் உருண்டது. எங்கிருந்தோ ஒரு கொட்டாவி கிளம்பி, அவள் வாயை அகலத் திறந்து, கண்ணில் நீர் வரவைத்துவிட்டுப் போனது.

"என்னடி, நான் ஓட்டுறது அவ்வளவு சலிப்பாவா இருக்கு?" சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

பதில் சொல்வதற்குள் அடுத்த கொட்டாவி வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது.