பெருக்கக் கூடாத வீடு

வீட்டில் பிணம் இருக்கும்வரை துடைப்பத்தைத் தொடக் கூடாது. தொட்டால் இன்னொரு உயிரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியதாகிவிடும். பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கம் எந்தக் குடும்பமும் இதை மீறுவதில்லை. சால்விங்கும் மீறவில்லை. ஆனால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தம்பி ரொடெலியோ கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் சீட்டாடிக்கொண்டே கொறித்துத் துப்பிய தர்பூசணி விதைத் தோல் தரையெல்லாம் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பே அரித்தது.

மூலையில் இருந்த கணினியில் ஜெபப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே விளம்பரம் வேறு. பெரியவர்களுக்கான டயப்பர், சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில். எல்லாம் ரொடெலியோ படுக்கையில் விழுந்தபோது அவன் மனைவி நேனிதா தேடித் தேடிப் பார்த்தவை. மாதாவின் படத்தை மறைத்துக்கொண்டு அந்தக் கட்டில் வந்து நின்றதும், சீட்டு மேசையில் ஒருவன், “கட்டில் எதுக்குப்பா, அவனுக்குத்தான் பெட்டியே வந்தாச்சே” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். துக்க வீட்டில் தூக்கம் வராமலிருக்க இப்படிப் பேசுவது சகஜம்தான். ஆனாலும் அக்காக்காரிக்குச் சுருக்கென்றது.

சால்விங்குக்குக் கோவில் அலுவலகத்தில் வேலை. அங்கே கணினியைத் துடைத்து வைப்பதும் அவள்தான். நம்மை அடையாளம் தெரிந்துகொள்ள ஒவ்வொரு இணையதளமும் கணினியில் ஒரு சிறு குறிப்பைப் போட்டுவிட்டுப் போகும். அதற்குத்தான் குக்கி என்று பெயர். விளம்பரம் துரத்தி வருவதும் அதை வைத்துத்தான். வேண்டாததை மட்டும் தேடி நீக்கவும் வழி உண்டு. அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை ஏது? மூலைக் கணினியில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, பெருமையாக அடுக்களைக்குள் போனாள்.

“இண்டாய், குக்கி மொத்தத்தையும் காலி பண்ணிட்டேன்.”

அவர்களுக்குள் இவள் மனாங், அதாவது அக்கா; அவள் இண்டாய், அதாவது தங்கச்சி. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நேனிதா திரும்பவில்லை. “பரவால்ல மனாங். வந்தவங்களுக்குக் குடுக்க இன்னொரு டப்பா இருக்கு.”

“அட, தின்கிற குக்கி இல்லடி. கம்ப்யூட்டர்ல இருக்கிறது. இனிமே அந்தக் கட்டிலு, நாற்காலி எதுவும் வராது.”

நேனிதா கெண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைக்காமலே கூடத்துக்கு ஓடி, பாட்டை நிறுத்திவிட்டு டாமா என்ற காய் நகர்த்தும் ஆட்டத்தைத் திறந்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆடும் ஆட்டம் அது. காலையில் சவாரிக்கு ட்ரைசிக்கிள் எடுக்குமுன் அவன் ஒரு காயை நகர்த்துவான். மத்தியானம் துணி துவைத்து முடித்து அவள் ஒன்றை நகர்த்துவாள். எவனுக்கும் பேரைக் கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில் அவன் அந்தத் தளத்தில் கணக்கு எதுவும் தொடங்கவில்லை. பாதி ஆட்டத்தை ஞாபகம் வைத்திருந்தது அந்தக் குக்கி ஒன்றுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, எழுந்து நிற்க முடியாத நிலையிலும், அவன் தன் வெள்ளைக் காயை வேண்டுமென்றே அவளுடைய கறுப்புக் காயின் முன்னால் தள்ளிவிட்டு, “வெட்டு, பாப்போம்” என்று சிரித்தான். டாமாவில் வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். வேறு நகர்த்தல் கிடையாது. வந்து வெட்டுகிறேன் என்று சொல்லித்தான் அவளும் அவனோடு கிளம்பினாள். உயிரோடு திரும்பி வந்தது அவள் மட்டும். அன்றிலிருந்து அந்தப் பலகையைத் திறந்து திறந்து பார்த்தாளே தவிர, வெட்டவில்லை. தான் வெட்டாதவரை அவன் காத்துக்கொண்டிருப்பான் என்று நம்பினாள். பைத்தியக்காரத்தனம் என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

இப்போது திரையில் இருந்தது புதுப் பலகை. எல்லாக் காய்களும் பழையபடி வரிசையில்.

விஷயத்தைக் கேட்டதும் சால்விங்குக்கு முகம் செத்துப்போயிற்று. “எனக்குத் தெரியாதே இண்டாய்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் மனாங்.”

“எந்தக் காய் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அட்டையில கோடு போட்டு, சோடா மூடிய வெச்சு அடுக்கிடலாம்.”

“எல்லாம் ஞாபகம் இருக்கு. அடுக்கலாம் மனாங். ஆனா அது நான் வெச்ச காய். ரொடெல் வெச்சது இல்லையே.”

சால்விங் அங்கேயே தரையில், விதைத் தோலின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி செத்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

அடக்கம் முடிந்து வந்ததும் துடைப்பத்தை எடுக்கலாம் என்றார்கள். சால்விங் ஒருத்தியே வீடு முழுக்கப் பெருக்கினாள். கணினி மேசையின் கீழே மட்டும் துடைப்பத்தை நீட்டவில்லை. மேசை முன்னால் நேனிதா உட்கார்ந்து மறுபடி டாமாவைத் திறந்திருந்தாள்.

உங்களை நினைவில் வைத்துக்கொள்ளக் குக்கி சேமிக்கலாமா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினாள். பலகை வந்தது. முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்குத்தான். வெள்ளை அவனுடையது.

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஆடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.