இரண்டாவது கோடு

நிமிக்குத் 'தெரியாது' என்று சொல்லி வழக்கமில்லை. பிறந்த எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் அணையிலேயே அளவெடுக்கும் வேலை கிடைத்ததும் அந்தக் குணம் இன்னும் கூடிப்போனது.

அணையில் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். படகிலிருந்து மெஷின் தண்ணீருக்குள் இரண்டு விதமாகச் சத்தம் அனுப்பும். கீச்சுச் சத்தம் முதலில் தட்டுப்படும் இளஞ்சேற்றிலேயே பட்டுத் திரும்பிவிடும். கனத்த சத்தம் சேற்றைத் துளைத்துப் போய்க் கெட்டித் தரையில்தான் முட்டித் திரும்பும். திரையில் இரண்டு கோடுகள் விழ வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது தலைவலி என்று, காலையில் கீச்சுச் சத்தத்தை மட்டும் ஓட்டினாள் நிமி.

படகு ஒட்டி வந்த கரையில், எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சாந்தம்மாள் தன் ஒரே பசுவான செவலையோடு நின்றாள். கோடையில் கரையெல்லாம் காய்ந்து, நடுத்திட்டில் மட்டும் புல் பச்சையாக இருந்தது.

"ஏ பிள்ள, திட்டுக்கு மாட்ட நடத்திக் கொண்டு போலாமா? தண்ணி எம்புட்டுக் கெடக்கு?"

நிமி திரையைப் பார்த்தாள். "இடுப்பளவுதான்க்கா. தாராளமா போங்க."

மத்தியானம் அதே இடத்தில் கனத்த சத்தத்தை ஓட்டினாள். இரண்டாவது கோடு வெகு கீழே போய் விழுந்தது. நடுவில் இருப்பதெல்லாம் சேறு, ஆளை முழுங்கும் சேறு. பதறிப்போய்க் கரையைப் பார்த்தால், செவலை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிமி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காத சாந்தம்மாள், சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினாள்.

சேற்றில் புதைந்துபோன செவலையை லயத்து ஆட்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். நிமியும் உள்ளங்கை உரிய இழுத்தாள். வெளியே வந்தபோது செவலைக்கு உயிரில்லை. கொட்டிலில் பால் மறக்காத கன்று வேறு நின்றது.

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தச் சேத்துலயா மாட்ட எறக்குவ?" என்று ஆளாளுக்குச் சாந்தம்மாளைத் திட்டினார்கள். அவள் செவலையின் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாளே தவிர, நிமியின் பேரை எடுக்கவில்லை. நிமி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்கிட்டக் கேட்டுட்டுத்தான எறக்குனீங்க..."

"நீ என்ன பிள்ள பண்ணுவ? தண்ணி எம்புட்டுன்னு கேட்டேன், சரியாத்தான் சொன்ன. சேறு எம்புட்டுன்னு கேக்காம விட்டது நாந்தான?"

கயிறு இழுத்த நேரமெல்லாம் இதே சமாதானத்தைத்தான் நிமி தயார் செய்துகொண்டிருந்தாள், யாராவது கேட்டால் சொல்ல. 'தாராளமா போங்க' என்று சொன்னதை அக்கா ஏன் மறந்துபோனாள் என்று அவளுக்கு அழுகை வெடித்தது.