அம்மன் வந்த ஆறு மணித்தியாலம்

அந்தக் காளான் கறியில் நான் உப்புப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கந்தசஷ்டி நாலாம் நாள். விரதக்காரி கறியை வாயில் வைக்கலாமா? வைக்கவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது, வாய் அதைவிட மோசம். விரத நாட்களில் என்னிடம் பேச்சுக் கொடுக்க எங்கள் வீட்டு நாய்கூட யோசிக்கும்.

சித்தாண்டியில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் நிருஷா, என் புருஷன் கனகசிங்கம், அவருடைய தங்கை கண்ணகை. கண்ணகை அம்மனுக்கு வைகாசிச் சடங்கு நடந்த கிழமையில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அம்மனின் பெயர். வயது முப்பத்திரண்டு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம் பேச வருவார்கள். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது அண்ணன்காரன் கடமை. இவரும் எங்கள் வளவிலேயே ஒரு வீட்டைத் தொடங்கி, யன்னல் மட்டத்தோடு நிறுத்தி மூன்று வருடம். இப்போது அந்தச் சுவரில் பாகற்கொடிதான் குடியிருக்கிறது.

அதை முடிக்கத்தான் கண்ணகை இரண்டாம் முறை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. புதன்கிழமை பிளேன். நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கட்டி முடித்த சூட்கேஸ் வாசல் கதவோரம் நின்றது.

முதல் முறை போய் வந்தவள் அங்கே நடந்த எதையும் சொல்லவில்லை. கேட்டால், “இருந்தன், வந்தன்” என்பாள். ஆனால் வந்த நாள் முதல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கமாட்டாள். குளிக்கப் போனாலும் கதவிடுக்கில் ஒரு கல்லை வைத்துவிடுவாள். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் ஏனென்று கேட்கவில்லை. அது என்னுடைய பிழை, அதை நானே சொல்லிவிடுகிறேன். “எனக்குப் போக ஒண்ணா அண்ணன்” என்று, தன்னால் முடியாதென்று, அவள் மூன்று தரம் என் காது கேட்கச் சொன்னாள். மூன்று தரமும் இவர், “எல்லாரும் போறாங்கதானே புள்ள” என்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை. தங்கச்சிக்கு ஒரு வாழ்வு அமைய வேண்டும் என்ற அவசரம் அவருடைய காதை அடைத்திருந்தது.

அன்று காலை வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வரும்போதுதான் காளானைக் கண்டேன். பழைய எருமைப் பட்டி இருந்த இடம். மூன்று நாள் மழையில் சாணியெல்லாம் குடை விரித்து நின்றது. நாங்கள் வழமையாகச் சாப்பிடுவது புற்றில் முளைப்பதை. இதுவும் காளான்தானே என்று பிடுங்கினேன். கிள்ளிய இடமெல்லாம் தண்டு நீலமானது. கையில் இருந்த நீலப் பையின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டு அவித்தேன். தண்ணீர் கறுக்கவில்லை, ஆகவே நஞ்சில்லை. இந்தச் சோதனையைக் கண்டுபிடித்த ஆளைப் பிடித்துவந்து என் அடுப்படியில் நிறுத்த வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணகை சாப்பிட்டாள். “கொஞ்சம் கைக்குது மச்சாள்” என்றாள். “கைச்சா வெச்சிட்டு எழும்பு” என்றேன். எழும்பவில்லை, வழித்துச் சாப்பிட்டாள்.

முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கூடத்தில் சிரிப்புச் சத்தம். குவைத்திலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. போய்ப் பார்த்தால் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். “மச்சாள், சுவர் மூச்சு விடுது. கையை வெச்சுப் பாருங்க.” கண்மணி அகன்று கண் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. வாசலில் நின்ற கறிவேப்பிலை மரத்தைப் பார்த்து, இலைக்கு இலை வேறு வேறு பச்சை என்று எண்ணத் தொடங்கினாள். பிறகு கண்ணீர் கொட்டியது. எனக்குக் காளான் ஞாபகம் வந்தது.

அடுப்படிக்கு ஓடி, மிச்சக் காளானைப் படம் பிடித்து என் தங்கை ஆர்த்திகாவுக்கு அனுப்பினேன். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். பத்து நிமிடத்தில் கோல் எடுத்தாள்.

“அக்கா, சாணியில முளைச்சதா? கிள்ளினா நீலமானதா?”

“ஓம்.”

“நல்ல வேலை பார்த்திருக்காய். டொக்டரிட்டக் காட்டினன். இது போதைக் காளானாம். சாப்பிட்டதில இருந்து ஆறு மணித்தியாலம் மட்டில நிக்கும், மறுகா தானா இறங்கும். இல்லாததெல்லாம் தெரியும், பயமும் வரும். தனிய விடாத, அதட்டாத, கதவப் பூட்டாத. வாந்தி, வலிப்பு எண்டா உடனே கொண்டு வா. ஒண்டும் இல்லாட்டியும் நாளைக்குக் கொண்டுவந்து காட்டு.”

பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு, பின்னேரம் ஆறு மணி. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அங்கே பக்கத்து வளவு இளையதம்பி அண்ணன் நிற்கிறார். கோயில் சடங்கில் உடுக்கு அடிப்பவர். அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர் அவளுடைய கண்ணைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், வேப்பங் குழையும் மஞ்சள் தண்ணியும் வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து, உடம்பெல்லாம் சேறோடு என் புருஷனும் வந்து சேர்ந்தார்.

“கனகசிங்கம், காலைக் கழுவிட்டு வா. அம்மன் வந்திருக்கா” என்றார் இளையதம்பி அண்ணன்.

உண்மையைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணகை பேசத் தொடங்கிவிட்டாள்.

“கதவத் திறங்க மேடம்.”

“திறந்துதான் கிடக்கு தாயே” என்றார் இளையதம்பி அண்ணன். அம்மன் யாரை மேடம் என்று கூப்பிடுகிறாள் என்று மனிதர் யோசிக்கவே இல்லை. “வைகாசியில வாற தாய் ஐப்பசியில வந்திருக்கிறாய். என்ன குறை? சொல்லு.”

“என்னைக் கடல் கடத்தாதங்க. அந்த அறைக்குள்ள போட்டுப் பூட்டாதங்க. எனக்கு ஒண்ணா. போக ஒண்ணா!”

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மன் வந்ததால் இல்லை. கதவிடுக்கில் அவள் வைக்கும் கல் ஏனென்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது.

“கேட்டியா?” என்றார் இளையதம்பி அண்ணன். “கட்டுச் சொல்லிப்போட்டா. புள்ள கடல் தாண்டக் கூடாதாம்.”

கட்டு என்றால் தெய்வத்தின் வாக்கு. அதை மீறுகிறவன் எங்கள் ஊரில் இல்லை. என் புருஷன் சேற்றோடு தரையில் விழுந்து கும்பிட்டார். “அனுப்பமாட்டன் தாயே, அனுப்பவேமாட்டன்.” எழும்பிப் போய் சூட்கேஸைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். மூன்று தரம் கேட்டு நடக்காத காரியம் ஒரு நிமிடத்தில் நடந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

முருகனுக்கு விரதம் இருந்துகொண்டு அம்மன் பேரில் பொய்க்குத் துணை போகிறேன். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மிச்சக் கறியைக் கொண்டுபோய் வாழையடியில் புதைத்தேன். சாப்பாடு கேட்ட புருஷனுக்குப் பருப்பும் சோறும் போட்டேன். “காளான் எண்டாய்?” என்றார். “முடிஞ்சுது” என்றேன். ஊர்ச்சனம் ஒன்றிரண்டாக வரத் தொடங்க, “அம்மனுக்கு இப்ப ஓய்வு” என்று வாசல் படலையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினேன். விரதக்காரியின் முகத்தைப் பார்த்து ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

கண்ணகைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்று மணிக்கு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இது முடியுமா மச்சாள்?” என்றாள். “ஆறு மணிக்கு முடியும்” என்றேன். அதைக் கேட்டதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நாலரைக்கு அழுகை நின்றது. ஐந்தரைக்கு, தன்னுடைய கைரேகையைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், “தலை இடிக்குது. தேத்தண்ணி தாங்க” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஆறு நாள் இல்லை, அறுபது நாள் விரதம் இருப்பேன்.

தேத்தண்ணியைக் கொடுத்துக் காதோடு எல்லாவற்றையும் சொன்னேன், காளான், ஆறு மணித்தியாலம், இளையதம்பி அண்ணன், சூட்கேஸ். “வாயைத் திறந்திராத புள்ள. அம்மன் சொன்னதாவே இருக்கட்டும். உனக்கு வேண்டியது நடந்திட்டு.”

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் ஞாபகம் இருக்கு மச்சாள். பார்த்த நிறமெல்லாம் பொய்தான். சொன்னது பொய்யில்ல.”

என் புருஷன் குளித்து, திருநீறு பூசி, தட்டில் தேங்காயும் கர்ப்பூரமுமாக வந்து அவள் முன்னால் நின்றார். தங்கச்சியைக் கும்பிடுவதா, கூப்பிடுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“தட்டை வைங்க அண்ணன்” என்றாள் கண்ணகை. “வந்தது அம்மன் இல்ல. காளான் சாப்பிட்டு வெறிச்சுக் கிடந்தன். சொன்னதெல்லாம் நான்தான்.”

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கைக்கு எட்டியதை இப்படியா தட்டிவிடுவாள்? என் புருஷன் என்னைப் பார்த்தார், அலுமாரிக்கு மேலே பார்த்தார், முகம் கறுத்தது. சூட்கேஸ் இறங்கப்போகிறது என்று நான் நினைத்தேன்.

“மூணு தரம் உங்களிட்டச் சொன்னன்” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “இப்ப சொன்னதும் அதே சொல்லுத்தான். அம்மன் எண்டதும் விழுந்து கும்பிட்டீங்க. நான் எண்டா கேக்கமாட்டீங்களா?”

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“எத்தின நாள் புள்ள பூட்டி வெச்சாங்க?”

“நாளில்ல அண்ணன். பதினாலு மாசம். வேலைக்குத் திறப்பாங்க, முடிஞ்சதும் பூட்டுவாங்க.”

அவருடைய முகம் உடைந்தது. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். கண்ணகைதான் அழவில்லை, பகலிலேயே அழுது முடித்திருந்தாள்.

பிறகு அவர் எழும்பிப் போய் ஏஜென்சிக்காரரின் நம்பரைத் தேடினார். அழுத கண்ணுக்கு நம்பர் தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார். நான் அழுத்திக் கொடுத்தேன்.

“என்ட தங்கச்சி புதன்கிழமை வரமாட்டா” என்றார். அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டது. ஊருக்குள் அம்மன் வந்த கதை அதற்குள் அங்கு வரைக்கும் போயிருக்க வேண்டும்.

“இல்ல தம்பி, அம்மன் சொல்லல்ல” என்றார் என் புருஷன். “தங்கச்சிதான் சொன்னவ.”