லவீனா எழுதிய துண்டு

நாலாவது ஆள் மைக்கைப் பிடித்தபோது, மதுஷா கைப்பைக்குள் இருந்த துண்டுத்தாளைத் திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே அப்பா வெள்ளைச் சட்டையோடு கிடத்தப்பட்டிருந்தார். அவரைப் போல, எட்வேர்ட் உபதேசியாரைப் போல ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவர் தங்களை எப்படிப் புகழ்ந்தார் என்பதையும் மூவரும் மறக்காமல் சொன்னார்கள். எல்லாம் அப்பாவிடம் பழகினதுதான், வேறென்ன.

பத்து வருடத்துக்கு முன் சபை வாசலில் பூட்டுப் போட்ட பெட்டியொன்றை வைத்தவர் அவர். தன் பிரசங்கத்தில் குறையிருந்தால் பேர் போடாமல் எழுதிப் போடச் சொன்னார். விழுந்ததெல்லாம் புகழ்ச்சி. ஞாயிறுதோறும் அதை வாசித்து மகிழ்ந்தார். ஒருநாள் ஞாயிறு பாடசாலை ரீச்சர் லவீனா எழுதியதும் விழுந்தது. அதையும் எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்து வாசித்தார், குரலை இழுத்து, பகிடியாக. சபை விழுந்து விழுந்து சிரித்தது. மதுஷாவும் சிரித்தாள். பேர் இல்லாவிட்டாலும் யார் எழுதியதென்று எல்லாருக்கும் தெரிந்தது; அந்தக் கையெழுத்து எல்லாப் பிள்ளைகளின் கொப்பியிலும் இருந்ததுதானே. அதன் பிறகு லவீனா சபைப் பக்கம் வரவில்லை. பெட்டியில் ஒரு குறையும் விழவில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், வேதாகமத்துக்குள் இருந்து அந்தத் துண்டை அப்பா எடுக்கச் சொன்னார்.

"என்ரை செத்தவீட்டிலை வாசி பிள்ளை. அவள் எழுதினது சரியெண்டு சொல்லு. எனக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது."

காலையில் அண்ணன் றூபனிடம் காட்டினாள். "ஊர் மதிச்ச மனுசனை ஊர் சிரிக்க வைக்கப்போறியோ?" என்றான். வாசித்தால் எழும்பிப் போய்விடுவானாம். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவளுக்கு மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். கேற்றுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி லவீனா நின்றாள். உள்ளே வரவில்லை.

மதுஷா மைக்கை வாங்கினாள். துண்டை விரித்து வாசித்தாள்.

"ஐயா, துக்க வீடுகளில் இறந்தவரைப் பற்றிக் கொஞ்சமாகவும் உங்களைப் பற்றி நிறையவும் பேசுகிறீர்கள். அழுகிறவர்களுக்கு அது நோகிறது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"உது சரியெண்டு அப்பா சொல்லச் சொன்னவர். அண்டைக்குச் சிரிச்சதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கிறன், ரீச்சர்."

நாலாவதாகப் பேசியவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். றூபன் எழும்பினான். சொன்னபடியே போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் தான் இருந்த கதிரையையும் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனான். அதை நிழலில் வைத்துவிட்டு, லவீனாவின் கையிலிருந்து சைக்கிளை வாங்கினான்.