சக்கரை தேறினார்

உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்பு சுடச்சுட வெளியே வந்தது. புருஷன் ஒரு முனையையும் பெண்டாட்டி மறுமுனையையும் பிடித்து, ஒரு உதறு உதறி, நடுவில் வந்து சேர்ந்து மடித்தார்கள். அந்தச் சலவை ஆலையின் இரைச்சலில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் அப்படி நெருங்கும் ஒரு நொடியில்தான். ஒரு விரிப்பில் கேள்வி, அடுத்த விரிப்பில் பதில்.

"தலை சுத்துதா?" என்றாள் அவள்.

விலகினார்கள், உதறினார்கள், நெருங்கினார்கள். "இல்ல. காதுக்குள்ள என்னமோ இரையுது. அவ்வளவுதான்."

ஆலையில் அவருக்குப் பெயரே சக்கரை. சக்கரை நோய் வந்த பிறகு கூட்டாளிகள் வைத்தது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தார், அதோடு அது ஒட்டிக்கொண்டது. நிரந்தரத் தொழிலாளி என்பதால் ஆலை மருந்தகத்தில் அவருக்கு மாத்திரை இலவசம். பெண்டாட்டி ஒப்பந்தக் கூலி. அவளுக்கும் அதே நோய்தான். ஆனால் ஒப்பந்தக் கூலிக்கும் நோய் வரும் என்பதை நிர்வாகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் காலை மாத்திரை அவருக்கு, ராத்திரி மாத்திரை அவளுக்கு. ஆளுக்குப் பாதி வைத்தியமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று வயதானவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை. தேறினால் 'ஃபிட்'. தேறாவிட்டால் வீடு. போன தடவை கொதிகலன்காரர், "கண்ணு கொஞ்சம் மங்குது டாக்டர்" என்று வாயை விட்டார். டாக்டர் நல்ல மனுஷர், ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வு அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டது.

அந்தப் பயத்தில் சக்கரை சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று முழுப் பட்டினி. போதாததற்கு இரண்டு மாத்திரையையும் அவரே விழுங்கினார். யோசனை பெண்டாட்டியுடையது.

"என்னோடதையும் நீங்களே போடுங்க. வேலை போச்சுன்னா ரெண்டு பேருக்குமே மாத்திரை இல்ல."

"உன் கால்?"

"கால் எங்க ஓடிப்போயிடப் போவுது?" என்று அவள் சிரித்தாள். கட்டைவிரல் புண் ஆறாமல், துணி சுற்றி, செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

மருந்தகத்தில் விரல் நுனியில் ஊசி குத்தி, கருவியைப் பார்த்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்ன பெரியவரே, என்ன செஞ்சீங்க?"

சக்கரை குத்திய விரலை மடக்கிக்கொண்டார். "ஒண்ணும் செய்யல டாக்டர். வாயக் கட்டினேன்."

"அதான் நெஜமான வைத்தியம். சொன்னா யாரு கேக்குறாங்க? நீங்க ஃபிட். இனிமே மாத்திரை போட்டீங்கன்னா சக்கரை ரொம்ப இறங்கி மயக்கமா விழுந்துடுவீங்க. இன்னையோட நிறுத்திடறேன். நல்ல சேதிதானே?"

அவர் வாயைத் திறந்தார். மாத்திரை வேண்டும் என்றால் பட்டினியைச் சொல்ல வேண்டும். பட்டினியைச் சொன்னால் கொதிகலன்காரருக்குக் கிடைத்த ஓய்வு தனக்கும் கிடைக்கும்.

"நல்ல சேதிதான் டாக்டர்" என்றார்.

அவர் திரும்பி வந்து முனையைப் பிடித்ததும், பெண்டாட்டி நொண்டிக்கொண்டே நெருங்கினாள். "என்னாச்சுங்க?"

"ஃபிட்டாம்."

அவள் முகம் மலர்ந்தது. விலகிப் போய், உதறி, மறுபடி வரும்வரை அது அப்படியே இருந்தது.

"மாத்திரைய நிறுத்திட்டாங்க" என்றார்.

அடுத்த விரிப்பில் அவள் கேட்டாள். "உங்களுக்கா?"

அதற்கடுத்த விரிப்பில் அவர் சொன்னார். "எனக்குன்னா ரெண்டு பேருக்கும்தானே."

அவள் தலையை ஆட்டினாள். விரிப்பின் ஓரங்களைச் சரியாகச் சேர்த்தாள்.

அதற்குள் சேதி ஆலை முழுக்கப் பரவிவிட்டது. சூப்பர்வைசர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தேநீரோடு சிரித்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம்.

"சக்கரைக்கே சக்கரை இல்லையாம்ப்பா. டாக்டரே சொல்லிட்டாரு. இந்தாங்கண்ணே, அஞ்சு கரண்டி போடச் சொன்னேன். எல்லாரும் பாக்கட்டும். மனசு வெச்சா இந்த வயசுலயும் ஃபிட்டா இருக்கலாம்."

"இப்ப வேணாம் தம்பி. பழக்கம் விட்டுப்போச்சு."

"ஏன், டாக்டர் சொன்னதுல நம்பிக்கை இல்லையா?" சிரிப்பு அப்படியேதான் இருந்தது, கண் மட்டும் அவரை ஒரு தரம் அளந்தது.

சக்கரை டம்ளரை வாங்கிக் குடித்தார். பட்டினி கிடந்த நாக்குக்கு அது தித்திப்பாகத்தான் இருந்தது. அதை நினைக்க அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அடியில நிக்குது பாருங்க, அதையும் விடாதீங்க."

அவர் டம்ளரைக் கவிழ்த்து, கரையாமல் கிடந்ததையும் வாயில் கொட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் திரும்பி, சக்கரையின் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளும் தட்டினாள்.